மலையில் ஆசிரியர் சங்கத் தேர்தல்: வாக்காளர் பட்டியலில் தொடங்கி பொறுப்பு ஒப்படைப்பு வரை

சில வருடங்களுக்கு முன்பு ஒரு பிப்ரவரிச் சனிக்கிழமை. ஊட்டியில் ஒரு மண்டபத்தில் எங்கள் சங்கத்தின் மாவட்ட நிர்வாகிகள் தேர்தல். பத்து மணிக்குக் கூட்டம் என்று அழைப்பில் போட்டிருந்தது. பத்தே காலுக்கு மேடையில் இருந்தவர் பெயர்களை வரிசையாகப் படித்தார். "ஒருமனதாக ஏற்கிறீர்களா?" என்றார். முன்வரிசை கை தட்டியது. அவ்வளவுதான். பதினொரு மணி வாக்கில் எருமாடு பக்கத்திலிருந்து ஒரு டீச்சர் வந்து சேர்ந்தார். விடியற்காலையில் பஸ் பிடித்து, கூடலூரில் வண்டி மாறி, நடுவட்டம் பனிமூட்டத்தில் ஊர்ந்து வந்தவர். கையில் சந்தா ரசீது. "தேர்தல் முடிஞ்சிடுச்சா சார்? அப்போ என் ஓட்டு?" என்று என்னிடம் கேட்டார். அன்று முன்வரிசையில் உட்கார்ந்து கை தட்டியவர்களில் நானும் ஒருவன். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அந்த டீச்சரும் நானும் சட்டமன்றத் தேர்தல்களில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக இருந்தவர்கள். மாதிரி வாக்குப்பதிவு நடத்தி, முகவர்களிடம் கையெழுத்து வாங்கி, பதிவான வாக்குகளின் கணக்கைக் காட்டும் 17சி படிவத்தை ஒரு எண் பிசகாமல் நிரப்பித் தந்தவர்கள். ஊரார் ஓட்டுக்கு அவ்வளவு கவனம் காட்டுகிற நாம், நம் சொந்த ஓட்டைக் கைதட்டலில் கரைத்துவிடுகிறோம். அதற்குப் பிறகு இரண்டு முறை வட்டாரத் தேர்தலுக்கும் ஒரு முறை மாவட்டத் தேர்தலுக்கும் தேர்தல் அலுவலராக இருந்தேன். அப்போது கற்றுக்கொண்டதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த விதிகளை எழுதும்போது என் மனதில் இருந்தவர் தோற்கப்போகிறவர். நீலகிரி சின்ன மாவட்டம். எதிரெதிராக நின்ற இருவர் திங்கட்கிழமை காலை ஒரே ஈராசிரியர் பள்ளியில் மணி அடிக்க வேண்டியிருக்கும். தோற்றவர் முடிவுத்தாளில் மனசாரக் கையெழுத்துப் போட்டுவிட்டு வேலைக்குத் திரும்ப முடிகிறதா என்று பார்த்துத்தான் ஒவ்வொரு விதியையும் வைத்தேன்.

துணைவிதிகளைத் தேடி எடுங்கள்

பல வட்டாரங்களில் துணைவிதிப் புத்தகம் யாரிடம் இருக்கிறது என்றே தெரியாது. பழைய செயலாளர் வீட்டு பீரோவில் இருக்கும். அதை வாங்கி, தேர்தல் சம்பந்தப்பட்ட பக்கங்களை நகலெடுத்து எல்லா உறுப்பினருக்கும் அனுப்புங்கள். என்னென்ன பதவிகள், பதவிக்காலம் எவ்வளவு, யாருக்கு ஓட்டுரிமை, ஓய்வு பெற்றவர் உறுப்பினராக இருக்கலாமா, எத்தனை நாள் முன்னறிவிப்பு வேண்டும், இத்தனைக்கும் அதில் பதில் இருக்க வேண்டும்.

உங்கள் சங்கம் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன் கீழ் பதிவானதாக இருந்தால் நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் 3 ஆண்டுகளைத் தாண்டக் கூடாது. மறுபடி தேர்ந்தெடுக்கப்படலாம், ஆனால் தேர்தல் நடத்தாமல் 'நீட்டித்துக்கொண்டே' போக முடியாது. துணைவிதியைத் திருத்த வேண்டுமென்றால் சிறப்புத் தீர்மானம் வேண்டும். 21 நாள் முன்னறிவிப்புடன் கூடிய பொதுக்குழுவில், வந்து வாக்களிப்பவர்களில் நான்கில் மூன்று பங்கினர் ஆதரிக்க வேண்டும். திருத்தம் பதிவாளரிடம் பதிவாகவும் வேண்டும். அதனால் தேர்தல் நாளன்று மேடையிலேயே 'இந்த முறை மட்டும் இப்படி வைத்துக்கொள்வோம்' என்று விதியை வளைத்தால் அது செல்லாது. வளைத்தவரே ஜெயித்திருந்தால் சங்கம் அத்தோடு இரண்டாகும்.

துணைவிதியில் பிரச்சாரம் பற்றி ஒரு வரியும் இருக்காது. அந்த இடைவெளியை நிரப்பத் 'தேர்தல் நடத்தை நெறிகள்' என்று இரண்டு பக்கம் எழுதி, செயற்குழுவில் தீர்மானமாக நிறைவேற்றி, மினிட் புத்தகத்தில் ஏற்றிவிடுங்கள். வேட்புமனு தொடங்குவதற்கு முன்பே இதை முடித்துவிட வேண்டும். யார் யார் நிற்கிறார்கள் என்று தெரிந்த பிறகு எழுதுகிற விதி, யாரையோ குறி வைத்து எழுதியதாகத்தான் படும்.

நாள் குறிப்பது

சமவெளியில் இது சின்ன விஷயம். இங்கே பாதித் தேர்தல் இதில்தான் இருக்கிறது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. கூடலூர், பந்தலூர், தேவாலா, குந்தா பக்கம் ரோடு எப்போது மூடும் என்று சொல்ல முடியாது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதை யாரும் மறந்திருக்க மாட்டோம். அக்டோபர், நவம்பர் வந்தால் வடகிழக்குப் பருவமழை, குன்னூர், கோத்தகிரி பக்கம் மண் சரியும். 2009 நவம்பர் நிலச்சரிவு இன்னும் பலர் வீட்டில் ஆறாத காயம். ஏப்ரல், மே என்றால் சீசன். மலர்க் கண்காட்சி, ஒருவழிப் பாதை, குன்னூரிலிருந்து ஊட்டி 20 கிலோமீட்டருக்கும் குறைவுதான், ஆனால் அதற்கே இரண்டு மணி நேரம் ஆகலாம். டிசம்பர் கடைசி, ஜனவரி தொடக்கத்தில் படுகர் ஊர்களில் ஹெத்தை ஹப்பா திருவிழா. ஹட்டி எனப்படும் அந்த ஊர்களிலிருந்து வரும் ஆசிரியர்கள் அந்த நாட்களில் ஊரைவிட்டு அசைய மாட்டார்கள், அசையவும் வேண்டாம். அப்புறம் பொங்கல். மார்ச்சில் பொதுத்தேர்வு.

எல்லாம் கழித்துப் பார்த்தால் ஜனவரி கடைசியும் பிப்ரவரியும்தான் மிஞ்சுகின்றன. வானம் தெளிந்திருக்கும், காலையில் உறைபனி இருந்தாலும் ஒன்பது மணிக்கு வெயில் வந்துவிடும். பிப்ரவரியில் பள்ளி வேலை நாளாக இல்லாத ஒரு சனிக்கிழமையைப் பிடியுங்கள். பொதுத்தேர்தல் வரும் ஆண்டாக இருந்தால், வாக்குச்சாவடி நிலை அலுவலர் வேலை, தேர்தல் பயிற்சி வகுப்பு ஆகியவற்றின் தேதிகளையும் பார்த்துக்கொள்ளுங்கள். பதவிக்காலம் ஜூலையில் முடிகிறது என்றால் முந்தைய பிப்ரவரியிலேயே தேர்தலை நடத்திவிட்டு, பொறுப்பேற்பதை மட்டும் தள்ளி வைக்கலாம். காலாவதியான நிர்வாகம் 'மழை விடட்டும்' என்று சொல்லி ஆறு மாதம் நாற்காலியில் இருப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

தேதி முடிவானதும் பின்னோக்கி எண்ணுங்கள். நான் பின்பற்றும் அட்டவணை இது:

60 நாள் முன்பு: தேர்தல் அலுவலர் நியமனம், நடத்தை நெறிகள் தீர்மானம்.
45 நாள் முன்பு: வரைவு வாக்காளர் பட்டியல்.
35 நாள் முன்பு: ஆட்சேபங்களைத் தீர்த்து இறுதிப் பட்டியல்.
30 முதல் 25 நாள் முன்பு வரை: வேட்புமனு.
24-ஆம் நாள்: பரிசீலனை.
21-ஆம் நாள் மாலை 5 மணி: வாபஸ் பெறக் கடைசி நேரம். அன்றே இறுதி வேட்பாளர் பட்டியல்.
அதிலிருந்து வாக்குப்பதிவுக்கு 36 மணி நேரம் முன்பு வரை: பிரச்சாரம்.

தேர்தல் அலுவலர் யார்

போட்டியிடாதவர், யாரையும் முன்மொழியாதவர், வழிமொழியாதவர். முடிந்தால் வேறு வட்டாரத்துக்காரர். கூடலூர் வட்டாரத் தேர்தலைக் கோத்தகிரிக்காரர் நடத்தட்டும். ஓய்வு பெற்ற மூத்த ஆசிரியர்கள் இதற்கு நன்றாகப் பொருந்துவார்கள், அவர்களுக்கு இனி மாறுதலும் வேண்டாம், பதவி உயர்வும் வேண்டாம். கூட இரண்டு உதவியாளர்கள் இருக்கட்டும், அதில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும்.

கல்வித்துறை அதிகாரி யாரையும் தேர்தல் அலுவலராகவோ 'பார்வையாளராகவோ' கூப்பிடாதீர்கள். வட்டாரக் கல்வி அலுவலர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், நாளைக்கு நாம் மனுவோடு போய் நிற்கப்போவது அவர் மேசை முன்புதான்.

வாக்காளர் பட்டியல்

சங்கத் தேர்தல் சண்டைகள் பெரும்பாலும் பட்டியலில் கருக்கொள்பவை. வாக்குப்பதிவு நாளில் அவை வெடிக்கின்றன, அவ்வளவுதான்.

முதலில் ஒரு தகுதி நாளை வையுங்கள். உதாரணமாக, டிசம்பர் 31. அன்றைய தேதியில் யார் உறுப்பினரோ, யாருடைய சந்தா பாக்கியில்லாமல் இருக்கிறதோ அவருக்கு ஓட்டு. அதற்குப் பிறகு சேர்ந்தவர் உறுப்பினர்தான், ஆனால் அடுத்த தேர்தலில் ஓட்டுப் போடுவார்.

சந்தா விஷயத்தில் நான் பார்த்த பெரிய கோளாறு மொத்தமாகக் கட்டுவது. கடைசி நாளில் ஒருவர் முப்பது, நாற்பது பேர் பெயரில் பணம் கட்டி ரசீது வாங்கிக்கொண்டு போவார். அந்த நாற்பது பேரில் பாதிப் பேருக்குத் தாங்கள் உறுப்பினர் ஆனதே தெரியாது. இதைத் தடுக்க ஒரே வழி: சந்தாவை அவரவர் தன் கணக்கிலிருந்து சங்கத்தின் வங்கிக் கணக்குக்கு அனுப்ப வேண்டும், அல்லது நேரில் கட்டி ரசீதின் அடிக்கட்டையில் தானே கையெழுத்துப் போட வேண்டும். அடிக்கட்டையில் கையெழுத்து இல்லாத ரசீதுக்கு ஓட்டு இல்லை. இதைத் தகுதி நாளுக்கு மூன்று மாதம் முன்பே அறிவித்துவிடுங்கள். கடைசி நேரத்தில் அறிவித்தால் உண்மையான உறுப்பினர்தான் மாட்டிக்கொள்வார்.

அடுத்தது மாறுதல். பொது மாறுதல் கலந்தாய்வு முடிந்ததும் கூடலூரிலிருந்து கோவைக்கோ ஈரோட்டுக்கோ இறங்கிப் போனவர்களின் பெயர் நம் பட்டியலில் அப்படியே கிடக்கும். புதிதாக மலையேறி வந்தவரின் பெயர் எங்கேயும் இருக்காது. தகுதி நாளில் எந்த ஒன்றியத்தில் பணிபுரிகிறாரோ அங்கே ஓட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். மாற்றுப்பணியில் இருப்பவருக்குச் சம்பளம் எந்தப் பள்ளியிலோ அந்தப் பள்ளி இருக்கும் ஒன்றியம். வேறு மாவட்டத்திலிருந்து வந்தவர் அங்கே கட்டிய சந்தா ரசீதைக் காட்டினால் போதும், மறுபடி கட்டச் சொல்லாதீர்கள்.

வரைவுப் பட்டியலைப் பள்ளிவாரியாகத் தயாரியுங்கள். பெயர், பள்ளி, உறுப்பினர் எண், சந்தா கட்டிய தேதி. கைபேசி எண்ணை மட்டும் போடாதீர்கள், காரணத்தைப் பிறகு சொல்கிறேன். அச்செடுத்து ஒவ்வொரு குறுவளத்துக்கும் (பக்கத்துப் பள்ளிகள் சேர்ந்த தொகுப்பு) ஒரு பிரதி கொடுங்கள், வாட்ஸ்அப்பிலும் பி.டி.எஃப். ஆகப் போடுங்கள். பத்து நாள் ஆட்சேபத்துக்கு. ஒவ்வொரு ஆட்சேபத்துக்கும் இரண்டு வரியாவது எழுத்தில் பதில் கொடுங்கள். பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் வேலை செய்யும் உறுப்பினர்கள் துறை வேறு என்பதால் பட்டியலில் இருந்து நழுவிவிடுவார்கள். அவர்களைத் தனியாக ஒருமுறை சரிபாருங்கள்.

வேட்புமனுவும் அந்த 'ஒருமனதும்'

மனு ஒரு பக்கம் போதும். வேட்பாளர் பெயர், பள்ளி, எந்தப் பதவி, ஒரு முன்மொழிபவர், ஒரு வழிமொழிபவர், மூவரும் பட்டியலில் இருக்கும் வரிசை எண், மூன்று கையெழுத்து. ஒருவர் ஒரு பதவிக்கு மட்டுமே நிற்கலாம். மனுவோடு நடத்தை நெறிகளை ஏற்பதாக ஒரு உறுதிமொழியும் வாங்கிவிடுங்கள். மனுவை நேரில்தான் தர வேண்டும் என்று கட்டாயப்படுத்தாதீர்கள். அய்யன்கொல்லியிலிருந்து ஊட்டிக்கு வர ஒரு நாள் விடுப்பு போய்விடும். ஒன்றியத்துக்கு ஒருவரை மனு வாங்க நியமியுங்கள், வாங்கிய தேதியும் நேரமும் எழுதி ரசீது கொடுக்கச் சொல்லுங்கள்.

பரிசீலனையில் கை தாராளமாக இருக்கட்டும். இன்ஷியல் மாறியிருக்கிறது, தேதி விட்டுப்போயிருக்கிறது என்று மனுவைத் தள்ளாதீர்கள். கூப்பிட்டுத் திருத்தச் சொல்லுங்கள். பட்டியலில் பெயர் இல்லாதவர், கையெழுத்தே போடாதவர் என்று அடிப்படையே இல்லாத மனுவை மட்டும், காரணம் எழுதித் தள்ளுங்கள்.

'ஒருமனதாகத் தேர்வு' என்பதை நம் சங்கங்களில் பெருமையாகச் சொல்கிறோம். ஒற்றுமை நல்லதுதான். ஆனால் அந்த ஒருமனது எப்படி வந்தது என்று கேட்டுப் பார்த்தால் பல நேரம் மனசு வலிக்கும். நிற்க நினைத்தவரின் வீட்டுக்கு இரவில் நான்கு பேர் போயிருப்பார்கள். "நீங்க நின்னா சங்கம் உடைஞ்சிடும் சார்" என்று சொல்லியிருப்பார்கள். பெண்களிடம் "உங்களுக்கு எதுக்கு டீச்சர் இந்த அலைச்சல்" என்பார்கள். தொடக்கப் பள்ளிகளில் சந்தா கட்டும் பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள், பிறகு நிர்வாகிகள் படத்தில் எத்தனை பேர் என்று எண்ணுங்கள்.

ஆகவே இரண்டு விதிகள். வாபஸ் கடிதத்தை வேட்பாளர் தன் கையால், தேர்தல் அலுவலரிடம் தர வேண்டும், அவரும் வேட்பாளரிடம் தனியாகப் பேசி உறுதி செய்துகொள்ள வேண்டும். அடுத்தவர் கொண்டுவரும் வாபஸ் கடிதம் செல்லாது. இரண்டாவது, வாபஸ் நேரம் முடிந்த பிறகும் ஒரு பதவிக்கு ஒரே மனு இருந்தால் அன்று மாலையே எழுத்தில் 'போட்டியின்றித் தேர்வு' என்று அறிவியுங்கள். கூட்டத்தில் கைதட்டல் கேட்காதீர்கள். மனுவே வராத பதவிக்கு மட்டும் மறு அறிவிப்பு கொடுத்து மறுபடி மனு வாங்குங்கள்.

பிரச்சாரம்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் எழுதப்பட்ட விதி எங்குமே இல்லை.

பள்ளி நேரத்தில் பிரச்சாரம் கிடையாது. பள்ளி வளாகத்தில் மாலையிலும் வேண்டாம். வேட்பாளர் ஒருவர் மூன்றாம் வகுப்புப் பாடம் நடக்கும்போது உள்ளே வந்து 'இரண்டே நிமிஷம் டீச்சர்' என்று நின்றதைப் பார்த்திருக்கிறேன். இருபத்தைந்து பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொல்லிவிட்டு அப்படியே நின்றுகொண்டிருந்தார்கள். பிள்ளைகளின் நேரத்தை எடுக்கும் உரிமை நம் சங்கத்துக்கு இல்லை. மாணவர் கையில் நோட்டீஸ் கொடுத்தனுப்புவது, பெற்றோர் குழுவில் ஆதரவு கேட்பது, பள்ளி மேலாண்மைக் குழுவை இழுப்பது எல்லாம் முழுத் தடை.

சங்கத்தின் சொத்து எதுவும் எந்த வேட்பாளருக்கும் இல்லை. லெட்டர் பேட், முத்திரை, அலுவலக அறை, சங்கப் பணம், சங்க வாட்ஸ்அப் குழு. இதில் கடைசியைத்தான் யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. பதவியில் இருப்பவரே குழுவின் அட்மின். தான் வாங்கித் தந்த ஊக்க ஊதிய ஆணையைத் தினமும் ஒன்றாக மறுபதிவு போட்டுக்கொண்டிருப்பார், எதிர்த்து நிற்பவரின் பதிவை அழித்துவிடுவார். இறுதி வேட்பாளர் பட்டியல் வந்த நாளிலிருந்து குழுவின் அட்மின் பொறுப்பு தேர்தல் அலுவலரிடம் வர வேண்டும். அலுவல் செய்திகளை மட்டும் அவர் போடுவார்.

கைபேசி எண்களுக்கு வருவோம். பதவியில் இருப்பவரிடம் எல்லார் எண்ணும் இருக்கும், புதிதாக நிற்பவரிடம் இருக்காது. சரி, எல்லாருக்கும் எண்களைக் கொடுத்துவிடலாம் என்றால், பெண் உறுப்பினர்களின் எண்கள் எங்கெல்லாமோ போகும். ஒருமுறை அப்படிக் கொடுத்துவிட்டு, இரவு பத்தரை மணிக்கு வந்த அழைப்புகளைப் பற்றிய புகார்களை நானே வாங்கினேன். அதற்குப் பிறகு இப்படிச் செய்கிறோம்: ஒவ்வொரு வேட்பாளரும் ஒரு பக்க அறிக்கை, இரண்டு நிமிடக் குரல்பதிவு தருவார். தேர்தல் அலுவலர் அவற்றை ஒரே நாளில், அகர வரிசையில் எல்லா உறுப்பினருக்கும் அனுப்புவார். பிரச்சாரக் காலத்தில் இப்படி மூன்று சுற்று. பேச விரும்பும் உறுப்பினர் வேட்பாளரைத் தானே கூப்பிட்டுக்கொள்வார். ஏற்கெனவே பழக்கம் உள்ளவர்களோடு பேசுவதை யாரும் தடுக்க முடியாது, ஆனால் இரவு எட்டு மணிக்கு மேல் அழைப்பு வேண்டாம்.

பொதுமேடை நடத்துங்கள். கூடலூரில் ஒன்று, குன்னூரில் ஒன்று, சனிக்கிழமை காலையில். மாலைக் கூட்டம் வைத்தால் கடைசி பஸ்ஸுக்கு ஓட வேண்டியவர்கள் வர மாட்டார்கள். ஆளுக்குப் பத்து நிமிடம் பேச்சு, பிறகு கேள்விகள். கேள்வியைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். நேரில் எழுந்து கேட்கத் தயங்குகிறவர்கள் சீட்டில் நல்ல நல்ல கேள்விகளாகக் கேட்பார்கள். 'மலைப்பகுதி ஓராசிரியர் பள்ளியில் விடுப்பு எடுத்தால் பள்ளியை யார் பார்ப்பது, இதற்கு நீங்கள் என்ன செய்வீர்கள்?' என்று வந்த ஒரு சீட்டு, நான் கேட்ட எல்லா மேடைப் பேச்சையும் விட மேலானது.

அடுத்து செலவு. வேட்பாளருக்கு இவ்வளவுதான் என்று ஒரு தொகையை நிர்ணயித்துவிடுங்கள். நாங்கள் 3,000 ரூபாய் வைத்தோம், நோட்டீஸுக்கும் பஸ் செலவுக்கும் அது போதும். முடிவு வந்த பத்து நாளில் கணக்கு தர வேண்டும். ஃபிளெக்ஸ் கூடாது. தண்ணீர் பாட்டிலுக்கே தடை இருக்கும் மாவட்டத்தில் ஆசிரியர்கள் ஃபிளெக்ஸ் கட்டினால் பிள்ளைகளுக்கு எந்த முகத்தோடு சொல்லிக்கொடுப்பது? ரிசார்ட் விருந்து, பரிசுப்பை, 'சும்மா ஒரு சாப்பாடு' எல்லாம் தடை.

சாதி, இனம், மொழி பற்றிய பேச்சை உறுப்பினர்கள் எல்லாருமே கேட்டிருப்பார்கள். 'மலைக்காரங்களா, கீழ்நாட்டுக்காரங்களா?', 'படுகர் ஆளா?', 'மலையாளம் பேசுறவங்க ஓட்டெல்லாம் ஒரு பக்கம்', 'சிலோன் ஆளுங்க'. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோர் குடும்பத்துப் பிள்ளைகள் தேயிலைத் தோட்ட லயன்களிலிருந்து படித்து வந்து இன்று நம்மோடு ஆசிரியர்களாக இருக்கிறார்கள். பணியர், காட்டுநாயக்கர், இருளர் பிள்ளைகளுக்கு நாம் எல்லாரும்தான் பாடம் சொல்கிறோம். இந்த அடையாளங்களைச் சொல்லி ஓட்டுக் கேட்டது எழுத்திலோ குரல்பதிவிலோ நிரூபணமானால் வேட்புமனுவையே ரத்து செய்யும் அதிகாரத்தைத் தேர்தல் அலுவலருக்குக் கொடுங்கள். மற்ற மீறல்களுக்கு எச்சரிக்கை, இரண்டாவது முறை என்றால் ஒரு சுற்றுச் செய்தி ரத்து என்று படிப்படியாகப் போகலாம். இதற்கு மட்டும் படிப்படி வேண்டாம்.

அரசியல் கட்சிக் கொடி, சின்னம், தலைவர் படம் எதுவும் கூடாது. தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகள், 1973-ன்படி அரசு ஊழியர் அரசியல் கட்சியில் உறுப்பினராக இருக்க முடியாது. சங்கத் தேர்தலில் கட்சி வாடை அடித்தால் அது ஒட்டுமொத்தச் சங்கத்துக்கும் ஆபத்து.

வாக்குப்பதிவு

மலையில் முதல் கேள்வி, யார் யாரை வண்டியில் ஏற்றி வருவது? ஒரே இடத்தில் ஓட்டு என்றால் ஜீப் வைக்க வசதியுள்ள வேட்பாளர் பாதி ஜெயித்த மாதிரிதான். ஏற்றி வந்தவருக்கு ஓட்டுப் போடாமல் அதே ஜீப்பில் திரும்பிப் போக எத்தனை பேருக்குத் துணிச்சல் இருக்கும்? எனவே வேட்பாளர் வாகனம் வைப்பதைத் தடை செய்துவிட்டு, ஓட்டுப்பெட்டியை உறுப்பினர் இருக்கும் பக்கம் கொண்டுபோங்கள். மாவட்டத் தேர்தலுக்கு ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர், குந்தா பக்கத்துக்கு மஞ்சூர் என்று ஆறு மையங்கள் வைக்கலாம். எல்லாம் பஸ் நிற்கும் இடத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கட்டும்.

நேரம் காலை 9 முதல் மதியம் 1 வரை. இன்னும் நீட்டினால் சேரம்பாடி, எருமாடு போகிறவர்கள் வீடு சேர இருட்டிவிடும், அந்த ரோட்டில் மாலையில் யானை நிற்கும். ஒரு மணிக்கு வரிசையில் நிற்பவர்களுக்கு டோக்கன் கொடுத்து ஓட்டுப் போட விடுங்கள். பஸ் தாமதம் என்று தகவல் வந்தால் அந்த மையத்தில் நேரத்தை அரை மணி நீட்டிக்கலாம், எல்லா முகவர்களுக்கும் சொல்லிவிட்டு.

வாக்குச்சீட்டைப் பதவிக்கு ஒரு நிறமாக அடியுங்கள். 2019 டிசம்பரில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலில் நாம் நான்கு நிறச் சீட்டுகளைக் கையாண்டவர்கள்தானே, பழக்கம் இருக்கிறது. பெயர்கள் அகர வரிசையில், பக்கத்தில் பள்ளி. ஒரே பெயரில் இருவர் இருந்தால் பள்ளிப் பெயரைப் பெரிதாகப் போடுங்கள். 'அணி' பெயர் சீட்டில் வரக் கூடாது. அடிக்கட்டையில் வரிசை எண் இருக்கட்டும், ஆனால் சீட்டில் இருக்கக் கூடாது. சீட்டிலும் எண் இருந்தால் யார் யாருக்குப் போட்டார் என்று பின்னால் ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம். போலிச் சீட்டு கலக்காமல் இருக்கச் சீட்டின் பின்பக்கம் மைய அலுவலரின் கையெழுத்து போதும். முத்திரைக்கு அம்புக்குறி ரப்பர் ஸ்டாம்ப் வாங்கிக்கொள்ளுங்கள். மை காயும் முன் மடித்தால் எதிர்ப்பக்கம் பதியும் தடம் திரும்பி விழும், எது அசல் என்று எண்ணும்போது தெரிந்துவிடும்.

மற்றதெல்லாம் உங்களுக்குக் கைவந்த கலை. காலிப்பெட்டியை முகவர்களுக்குக் காட்டுவது, பேப்பர் சீல், மறைவிடம், அடையாள அட்டை. முடிவில் 17சி மாதிரி ஒரு வாக்குக் கணக்குத் தாள் எழுதுங்கள்: வந்த சீட்டு, கொடுத்தது, மீதி, கெட்டுப்போனது. முகவர்களுக்கு ஆளுக்கு ஒரு பிரதி.

மகப்பேறு விடுப்பிலோ மருத்துவமனையிலோ இருப்பவர்களுக்குத் தபால் ஓட்டு கொடுக்கலாம். சீட்டை உள்ளே ஒரு உறையில் போட்டு ஒட்டி, அதையும் கையெழுத்திட்ட உறுதிமொழியையும் வெளி உறையில் வைத்து அனுப்ப வேண்டும். எண்ணும்போது உறுதிமொழியைச் சரிபார்த்த பின் உள் உறைகளை மட்டும் ஒன்றாகக் கலந்து திறக்க வேண்டும். கூகுள் ஃபார்ம் ஓட்டு வேண்டாம். கைபேசியில் போடும் ஓட்டுக்கு மறைவிடம் கிடையாது, பக்கத்தில் யார் நின்று பார்க்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது.

எண்ணிக்கை

ஆறு மையப் பெட்டிகளும் ஊட்டிக்கு வரட்டும். கூடலூரிலிருந்து ஊட்டிக்குச் சுமார் 50 கிலோமீட்டர். ஒரு மணிக்கு முடித்துக் கிளம்பினால் பந்தலூர்ப் பெட்டியும் நான்கரைக்குள் வந்துவிடும். பெட்டியோடு மைய அலுவலரும், விரும்பும் முகவர்களும் ஒரே வண்டியில் வர வேண்டும், அந்த வண்டிச் செலவு சங்கத்துடையது.

எண்ணத் தொடங்கும் முன், ஒவ்வொரு பெட்டியிலும் கணக்குத் தாளில் சொன்ன அளவு சீட்டு இருக்கிறதா என்று மடிப்பைப் பிரிக்காமல் எண்ணிப் பாருங்கள். பிறகு ஆறு பெட்டிச் சீட்டுகளையும் ஒரே பெரிய பாத்திரத்தில் கொட்டிக் கலந்துவிடுங்கள். இதை மட்டும் எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். மஞ்சூர் மையத்தில் 14 பேர்தான் ஓட்டுப் போட்டார்கள் என்று வையுங்கள். தனியாக எண்ணி '13 ஓட்டு ஒருவருக்கு, ஒன்று மட்டும் இன்னொருவருக்கு' என்று அறிவித்தால், அந்த ஒரு ஓட்டு யாருடையது என்று மாலை டீக்கடையிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். அடுத்த முறை அவர் ஓட்டுப் போடவே வர மாட்டார்.

கலந்த சீட்டை 25, 25 ஆகக் கட்டி எண்ணுங்கள். வாக்காளரின் எண்ணம் தெளிவாகத் தெரிந்தால் முத்திரை கொஞ்சம் கோடு தாண்டியதற்காகச் செல்லாது என்று சொல்லாதீர்கள். இரண்டு பெயரில் முத்திரை, முத்திரையே இல்லை, தன் பெயரையோ கையெழுத்தையோ எழுதிவைத்தது, இவை செல்லாதவை. சந்தேகச் சீட்டை எல்லா முகவர்களுக்கும் காட்டிவிட்டு முடிவெடுங்கள். வித்தியாசம் செல்லாத ஓட்டுகளின் எண்ணிக்கையைவிடக் குறைவாக இருந்தால் யாரும் கேட்காமலே மறு எண்ணிக்கை நடத்துங்கள். சமமாக வந்தால் குலுக்கல். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951-ம் அதைத்தான் சொல்கிறது.

முடிவுத்தாளில் முதல் கையெழுத்தைத் தோற்றவரிடம் கேளுங்கள். நான் நடத்திய மாவட்டத் தேர்தலில் 6 ஓட்டில் தோற்ற ஒருவர், தாளை இரண்டு முறை படித்தார், தன் முகவரிடமிருந்த ஆறு கணக்குத் தாள்களையும் வாங்கிக் கூட்டிப் பார்த்தார், பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டார். பிறகு ஜெயித்தவரும் அவரும் கோத்தகிரிக்கு ஒரே பஸ்ஸில் போனார்கள்.

புகார் வந்தால்

மூன்று பேர் கொண்ட மேல்முறையீட்டுக் குழுவைத் தேர்தலுக்கு முன்பே நியமித்துவிடுங்கள். முடிவு வந்த 7 நாளில் எழுத்தில் புகார், 15 நாளில் எழுத்தில் தீர்ப்பு. தப்பு நடந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல், அந்தத் தப்பால் முடிவு மாறியிருக்குமா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். மாறியிருக்கும் என்றால் அந்தப் பதவிக்கு மட்டும் மறுதேர்தல். சீட்டுகளைச் சீல் வைத்து 90 நாள் வைத்திருங்கள், வழக்கு எதுவும் இல்லையென்றால் இரு தரப்பின் முன்னிலையில் எரித்துவிடலாம். பதிவு பெற்ற சங்கமென்றால் அதன் நடவடிக்கைகளை விசாரிக்கும் அதிகாரம் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் 36-ஆம் பிரிவின்படி பதிவாளருக்கு உண்டு. நீதிமன்றமும் இருக்கிறது. ஆனால் அங்கே போனால் வருடக் கணக்கில் சங்கம் முடங்கும். உள்ளேயே நியாயம் கிடைக்கும் என்ற நம்பிக்கை இருந்தால் யாரும் அவ்வளவு தூரம் போக மாட்டார்கள்.

பொறுப்பு ஒப்படைப்பு

முடிவு வந்த 15 நாளில் ஒப்படைப்பு முடிய வேண்டும்; பொறுப்பேற்பதைத் தள்ளி வைத்திருந்தால் பொறுப்பேற்கும் நாளிலிருந்து 15 நாள். மினிட் புத்தகம், ரசீதுப் புத்தகங்கள் (எழுதாதவையும் சேர்த்து, எண் வரிசையோடு), ரொக்கப் பதிவேடு, வங்கிப் பாஸ்புக், காசோலைப் புத்தகம், முத்திரை, அலுவலகச் சாவி, வாட்ஸ்அப் குழுவின் அட்மின் பொறுப்பு. ஒவ்வொன்றையும் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். வங்கியில் கையொப்பம் மாற்றத் தீர்மான நகலைக் கொடுங்கள். நிர்வாகக் குழு மாறியதை 7-ஆம் படிவத்தில் 3 மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும். பல சங்கங்கள் இதைத் தள்ளிப்போட்டே பழைய நிர்வாகிகளின் பெயரிலேயே பதிவேட்டில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

இத்தோடு தேர்தல் அலுவலர் ஒரு நோட்டையும் ஒப்படைக்க வேண்டும். எந்த மையத்தில் எத்தனை மணிக்குக் கூட்டம் வந்தது, எந்தப் பஸ் எப்போது வந்தது, எங்கே சீட்டு பற்றாமல் போனது என்றெல்லாம் எழுதிய நோட்டு. என்னுடைய நோட்டில் பந்தலூர் மையத்துப் பக்கத்தில் இப்படி இருக்கிறது: 'எருமாடு பஸ் 9.20. இறங்கியவர்களில் நம் உறுப்பினர் 5 பேர். எல்லாரும் 9.45-க்குள் ஓட்டுப் போட்டாயிற்று.' அந்த ஐந்து பேரில் அந்த டீச்சரும் இருந்தார்.